இன்ஃபெக்ஷன் தடுக்கற ரூல் எல்லாருக்கும் தெரியும், அப்புறம் ஏன் தியேட்டர்ல கை நழுவுது? ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) நர்ஸுங்க வாங்க, மத்தவங்களும் வாங்க

பச்சை_கவுன் (இழையை ஆரம்பிச்சவர்):

எல்லாருக்கும் வணக்கம். ஓ.டி.யில 11 வருஷமா இருக்கேன், ஸ்க்ரப்பும் நிப்பேன் (ஸ்டெரைல், அதாவது கிருமி நீக்கின கவுன் போட்டு சர்ஜனுக்கு சாமான் எடுத்துக் குடுக்கறது), சர்குலேட்டிங்கும் பாப்பேன் (சுத்தி நின்னு வேணுங்கறத கொண்டு வந்து தர்றது). நேத்து நடந்த ஒண்ணு மனச விட்டு போகவே மாட்டேங்குது, அதான் இங்க எழுதறேன். இடுப்பு மூட்டு மாத்தற கேஸ், நான் சர்குலேட்டிங். குளோர்ஹெக்சிடின் ஆல்கஹால்ங்கற கிருமிநாசினிய தோல்ல பெயிண்ட் பண்ணி முடிச்சாங்க, தோல் இன்னும் பளபளன்னு ஈரமா இருக்கு, அதுக்குள்ள டிரேப்ப (பேஷன்ட்ட மூடற ஸ்டெரைல் துணி) எடுத்து விரிச்சாச்சு. முடி இல்லாத தோல்ல குறைஞ்சது 3 நிமிஷம் தானா காயணும். எனக்கு தெரியும். விரிச்சவருக்கும் தெரியும். சுவத்து கடிகாரம் என் கண்ணுக்கு நேரா இருக்கு. நான் வாய தொறக்கல. லிஸ்ட்ல இன்னும் ரெண்டு கேஸ் நிக்குது, ஏற்கனவே லேட், இன்சார்ஜ் சிஸ்டர் ரெண்டு தடவ கதவுகிட்ட வந்து எட்டிப் பாத்துட்டு போயிட்டாங்க, அந்த நேரத்துல "டாக்டர் ஒரு நிமிஷம்"னு சொல்ல நாக்கு வரல.

போன மாசம்தான் எங்களுக்கு இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் டெஸ்ட் வெச்சாங்க. நான் முழு மார்க். அன்னிக்கு ஸ்க்ரப் நின்ன பொண்ணும் முழு மார்க். அப்போ எங்களுக்கு தெரியாம இல்லையே? தெரிஞ்ச ஒண்ண செய்ய வேண்டிய நிமிஷத்துல ஏன் செய்யல? இதுதான் என் கேள்வி. தயவு செஞ்சு "விழிப்புணர்வு போதல, இன்னொரு கிளாஸ் எடுக்கணும்"னு மட்டும் சொல்லாதீங்க, கிளாஸ் நெறைய கேட்டாச்சு. உங்க தியேட்டர்ல எது எங்க நழுவுது, எப்படி சரி பண்ணீங்க, அத சொல்லுங்க.

இரவு_டியூட்டி:

அக்கா நீங்க எழுதினத படிச்சதும் என் தியேட்டர்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. எங்க கிட்ட பெட்டாடின்தான் அதிகம், அதையும் காய விடறதில்ல, காஸ் எடுத்து ஒத்தி எடுத்துட்டு டிரேப் போட்டுடுவாங்க. சீக்கிரம் ஆகட்டும்னு. ஒத்தி எடுத்தா மருந்தும் போயிடுது, வேலை செய்ய வேண்டிய நேரமும் போயிடுதுன்னு யாரும் யோசிக்கிறதில்ல.

கைகழுவு:

நான் இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ். அதுக்கு முன்னாடி 6 வருஷம் ஸ்க்ரப் நின்னவ, அதனால ரெண்டு பக்கமும் தெரியும். சிஸ்டர் கேட்ட கேள்விய நான் தினமும் என்ன நானே கேட்டுக்கறேன்.

நான் கையில ஃபார்ம் வெச்சுக்கிட்டு ஸ்க்ரப் சிங்க் பக்கத்துல நின்னா எல்லாரும் நகம், விரல் இடுக்கு, முழங்கை வரைக்கும்னு அழகா செய்வாங்க. அதே நான் ஓரமா உக்காந்து ரெஜிஸ்டர் பாக்கற மாதிரி இருந்தா பாதி பேர் ஒரு நிமிஷத்துல முடிச்சிட்டு கைய தூக்கிட்டு உள்ள போயிடுவாங்க. யாரோ பாக்கறாங்கன்னா நடத்தை மாறும், இதுக்கு ஹாதார்ன் எஃபெக்ட்னு பேரே இருக்கு. அதே மாதிரி "நீங்க எப்பவும் செய்றீங்களா"ன்னு எழுதிக் கேட்டா எல்லாரும் செய்றோம்னுதான் டிக் பண்ணுவாங்க, பொய் சொல்லணும்னு இல்ல, உண்மையிலயே அப்படித்தான் நெனச்சிட்டு இருக்காங்க. அதனால கேள்வித்தாள் குடுத்து எடுக்கற கணக்க நான் நம்பறதே இல்ல, நேர்ல பாத்து எடுக்கற கணக்கு மட்டும்தான் கணக்கு.

இன்னொண்ணு. பிரான்ஸ்ல 6 ஆஸ்பத்திரியில பண்ண ஒரு ஆய்வு 2002ல வந்துச்சு, 4387 பேஷன்ட். பழைய மாதிரி மருந்து சோப்பு போட்டு தேய்ச்சு கழுவறது ஒரு பக்கம், ஆல்கஹால் ஹேண்ட் ரப் ஒரு பக்கம். காயத்துல இன்ஃபெக்ஷன் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணு, 2.48 சதவீதம், 2.44 சதவீதம். ஆனா சொன்ன நேரம் முழுக்க செஞ்சவங்க யாருன்னு பாத்தா கழுவறதுல 28 சதவீதம், ரப்புல 44 சதவீதம். இதுல எனக்கு ரெண்டு விஷயம் தெரியுது. ஒண்ணு, ஆய்வு நடக்குதுன்னு தெரிஞ்சும் பாதிக்கு மேல ஆளுங்க முழு நேரம் செய்யல, அதுல சர்ஜனும் உண்டு. இன்னொண்ணு, அதே ஆளுங்கதான், முறைய சுலபமாக்கினதும் கடைபிடிக்கிறது கூடிடுச்சு. யாருக்கும் புதுசா அறிவு ஏத்தல. வேலைய கைக்கு எட்டற மாதிரி வெச்சாங்க, அவ்ளோதான்.

எங்க தியேட்டர்ல ஹேண்ட் ரப் டிஸ்பென்சர் கதவுக்கு பின்னாடி இருந்துச்சு, கதவு தொறந்தா மறைஞ்சிடும். அத எதிர் சுவத்துக்கு மாத்தினப்புறம் அனஸ்தீஷியா (மயக்க மருந்து) பக்கம் கை ரப் பண்றது கண்ணுக்கு தெரியற மாதிரி கூடுச்சு. அதுக்கு முன்னாடி அந்தக் கதவுலயே நான் மூணு போஸ்டர் ஒட்டியிருந்தேன். ஒண்ணும் மாறல.

தையல்:

சர்ஜன் எழுதறேன். நர்ஸுங்க இழைன்னு ஒதுங்கி போக மனசு வரல.

சிஸ்டர், அந்த 3 நிமிஷம் இன்ஃபெக்ஷனுக்கு மட்டும் இல்ல. ஆல்கஹால் ஈரத்தோட டிரேப் போட்டா ஆவி அடியில தங்கும், அதுக்கு மேல காட்டரி (கரண்ட் சூட்டுல ரத்தத்த நிறுத்தற கருவி) வெச்சா தீ புடிக்கும். ஓ.டி. தீ விபத்துங்கறது கற்பனை கிடையாது. முடி இருக்கற இடத்துல காய 1 மணி நேரம் கூட ஆகலாம், அதனால தலைமுடி பக்கத்துல நான் ஆல்கஹால் மருந்தே எடுக்கறதில்ல. நீங்க அன்னிக்கு சொல்லியிருந்தா அது பேஷன்ட்ட மட்டும் இல்ல, அந்த டாக்டரையும் காப்பாத்தற பேச்சு.

ஆனா எங்க பக்கமும் ஒரு ஆதங்கம் இருக்கு. ரூல்னு வர்ற எல்லாத்துக்கும் ஒரே எடை இல்ல. 2016ல உலக சுகாதார நிறுவனம் குடுத்த வழிகாட்டிய எடுத்துக்கோங்க. ஷேவ் பண்ணவே பண்ணாதீங்க, முடிய எடுத்தே ஆகணும்னா கிளிப்பர் (தோல கீறாம முடிய வெட்டற மெஷின்), ஆபரேஷன் முடிஞ்சப்புறம் தடுப்புக்குன்னு ஆன்டிபயாட்டிக்க இழுத்துட்டு போகாதீங்க, இதெல்லாம் அழுத்தமா சொன்னது. அதே புத்தகத்துல, தோல்ல ஒட்டற பிளாஸ்டிக் இன்சிஷன் டிரேப் இன்ஃபெக்ஷன தடுக்கும்னு நெனச்சு போட வேண்டாம்னும் இருக்கு. எத்தன தியேட்டர்ல அத இன்னும் பெருமையா ஒட்டிட்டு இருக்கோம்? இன்னொரு பக்கம், வார்டுல இருந்து பிளேடால வழிச்சு விட்ட பேஷன்ட் தியேட்டருக்கு வந்துட்டே இருக்காங்க. எது முக்கியம், எது பழக்கம்னு பிரிச்சு சொல்லாம 80 பாயின்ட்ட ஒரே தாள்ல அடிச்சு குடுத்தா மனுஷன் தனக்கு வசதியானத மட்டும் எடுத்துப்பான்.

பச்சை_கவுன்:

டாக்டர், நீங்க வந்து எழுதினதுக்கு நன்றி. ஆனா "சொல்லியிருந்தா"ன்னு சொல்றது சுலபம்னு எனக்கு தோணுது, கோவிச்சுக்காதீங்க. 2 வருஷம் முன்னாடி ஒரு கேஸ்ல சர்ஜன் கை பின்னாடி போய் ஸ்டெரைல் இல்லாத லைட் ஹேண்டில்ல பட்டத நான் பாத்தேன். "சார் கிளவ் மாத்திடுங்க"ன்னேன். "நீ பாத்தியா? நிச்சயமா பாத்தியா?"ன்னு எல்லார் முன்னாடியும் மூணு தடவ கேட்டார். மூணாவது தடவ எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கிளவ் மாத்தினார், மாத்தல்லன்னு சொல்லல, ஆனா அந்த கேஸ் முடியற வரைக்கும் எனக்கு ஒரு வார்த்த பேசல, கேட்ட இன்ஸ்ட்ருமென்ட்டக் கூட கைய நீட்டிதான் கேட்டார். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் வாய தொறக்கறதுக்கு முன்னாடி அந்த "நிச்சயமா பாத்தியா" காதுல கேக்குது. நேத்தும் அதான் கேட்டுச்சு.

முதல்_வருஷம்:

அக்கா நான் தியேட்டர் போஸ்டிங் வந்து 3 மாசம்தான் ஆகுது. இங்க கேக்கலாமான்னு தெரியல. நான் ஸ்க்ரப் ஆகி நிக்கும்போது கைய எங்க வெக்கிறதுன்னு தெரியாம ரெண்டு கையையும் அக்குள்ல வெச்சு கட்டிட்டேன். யாரும் பாக்கல. ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன், அப்புறம் பயத்துல "சிஸ்டர் என் கை தப்பாயிடுச்சு"ன்னு சொல்லிட்டேன். கவுன் கிளவ் எல்லாம் மாத்த வேண்டியதாச்சு, "இதுக்குத்தான் புதுசுங்கள போடாதீங்கன்னு சொன்னேன்"னு ஒருத்தர் திட்டினாங்க. நான் சொன்னது சரிதானே? சில பேர் சும்மா இருந்திருக்கலாம்னு சொல்றாங்க.

கைகழுவு:

@முதல்_வருஷம் கண்ணு, நீ செஞ்சதுதான் சரி, நூத்துக்கு நூறு சரி. பழைய நர்ஸுங்க இத சர்ஜிக்கல் கான்ஷியன்ஸ்னு சொல்வாங்க, யாரும் பாக்காதப்பவும் தப்ப தானே சொல்லிடற மனசு. தியேட்டர்ல மத்த எதையும் கத்துக் குடுத்துடலாம், இத குடுக்கறது கஷ்டம்.

அந்தக் கவுன் விஷயத்த நல்லா புரிஞ்சுக்கோ. முன்பக்கம் நெஞ்சுல இருந்து டேபிள் மட்டம் வரைக்கும்தான் ஸ்டெரைல். கையில முழங்கைக்கு 2 இன்ச் மேல இருந்து கஃப் (மணிக்கட்டு பட்டை) வரைக்கும். கழுத்து, தோள், அக்குள், முதுகு, இடுப்புக்கு கீழ எதையும் ஸ்டெரைல்னு எடுத்துக்கக் கூடாது. அக்குள்ல வேர்வை, துணி நனையும், நனைஞ்சா கிருமி துணிய தாண்டி வரும். அதனாலதான் கைய நெஞ்சுக்கு முன்னாடி சேத்து புடிச்சிட்டு நிக்க சொல்றாங்க. இந்தக் காரணத்த அன்னிக்கே யாராவது உனக்கு சொல்லியிருந்தா அந்தத் திட்டுக்கு வேலையே இல்ல.

ஸ்டெரைல்_ரூம்:

நான் சி.எஸ்.எஸ்.டி.ல (இன்ஸ்ட்ருமென்ட்ட கழுவி ஸ்டெரைல் பண்ற பிரிவு) டெக்னீஷியன், எங்கள யாரும் எந்த இழையிலயும் கூப்பிடறதில்ல அதனால நானே வந்துட்டேன்.

நர்ஸ் ரூல் மீறுறாங்கன்னு எழுதறதுக்கு முன்னாடி அவங்க கையில என்ன குடுத்து அனுப்பறோம்னு பாருங்க. ஒரு ஸ்பெஷல் செட், அன்னிக்கு லிஸ்ட்ல அதே செட் வேணும்னு ரெண்டு கேஸ். முதல் கேஸ் முடிஞ்சு ரத்தம் காஞ்சு ஒட்டின கிளாம்ப்போட டிரே கீழ வருது, வந்து 10 நிமிஷத்துல போன், "ரெடியா? ரெடியா?". ஒழுங்கா பண்ணணும்னா ஊற வெக்கணும், பூட்டு மாதிரி இருக்கற மூட்டு எல்லாம் தொறந்து பிரஷ் போடணும், அல்ட்ராசோனிக், அலசல், காய வெக்கறது, பாத்து எடுத்து பேக் பண்றது, அப்புறம்தான் ஆட்டோக்ளேவ் (அழுத்த நீராவியில கிருமி கொல்ற மெஷின்). 134 டிகிரியில அந்த ஸ்டீம் நேரம் வெறும் சில நிமிஷம்தான், எல்லாரும் அந்த நிமிஷத்த மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு எங்கள கேக்கறாங்க. முன்னாடி கழுவறதும் பின்னாடி காயறதும்தான் நேரத்த சாப்பிடுது. கழுவாத அழுக்கு மேல எவ்ளோ ஸ்டீம் போனாலும் அடியில கிருமி உயிரோட இருக்கும். அவசரம்னு பேக் பண்ணாம ஃபிளாஷ் (அவசர ஸ்டீம்) போட்டு அப்படியே மேல அனுப்பறது இருக்கே, அது கீழ விழுந்த ஒத்த இன்ஸ்ட்ருமென்ட்டுக்கு, வேற வழியே இல்லாத நேரத்துக்குன்னு வெச்ச முறை. செட் பத்தலன்னு தினசரி பண்றதுக்கும் இம்பிளான்ட்டுக்கும் (செயற்கை மூட்டு மாதிரி உடம்புக்குள்ள வெக்கறது) வெச்சது இல்ல.

இன்னொண்ணு நர்ஸுங்ககிட்ட கையெடுத்து கேக்கறேன். பேக் மேல இருக்கற டேப்ல கோடு கறுத்துடுச்சுன்னா அது ஸ்டெரைல்னு அர்த்தம் இல்ல. இந்த பேக் ஆட்டோக்ளேவ் உள்ள போய் வந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். உள்ள வெச்ச இண்டிகேட்டர பாருங்க. பேக் ஈரமா இருந்தா, கிழிஞ்சிருந்தா, கீழ விழுந்திருந்தா திருப்பி அனுப்புங்க. நாங்க முனகுவோம். முனகினா முனகட்டும், அனுப்புங்க. தினம் காலையில காலி சேம்பர்ல போவி டிக் டெஸ்ட் போட்டு காத்து முழுசா வெளிய போகுதான்னு பாக்கறோம், ஸ்போர் (சூட்டுல சுலபமா சாகாத கிருமி வித்து) டெஸ்ட் போடறோம், அந்த ஸ்போர் சாகுதுன்னா மத்ததும் செத்திருக்கும்னு ஒரு நம்பிக்கை. இவ்ளோ பண்ணி அனுப்பறத ஈர பேக்கோட தொறந்தா எங்க உழைப்பும் வீண்.

இரவு_டியூட்டி:

அண்ணா டேப் விஷயம் எனக்கு இவ்ளோ நாளா தெரியாது. கறுத்தா ஓகேன்னுதான் நெனச்சிருந்தேன்.

வெளிச்சம்:

எல்லாம் படிச்சேன். நான் மெடிக்கல் ஆள் இல்ல. எங்க அம்மாவுக்கு மூட்டு மாத்தினாங்க, ஏழாவது வாரம் முட்டி சிவந்து சீழ் வந்துச்சு. தொறந்து கழுவினாங்க, அப்புறம் போட்ட மூட்டையே எடுத்துட்டு ஆன்டிபயாட்டிக் கலந்த சிமென்ட் வெச்சு மாசக்கணக்குல காத்திருந்து மறுபடி வேற வெச்சாங்க. அந்த நாள் பூரா அம்மா பாத்ரூம் போக என் தோள புடிச்சுட்டு வருவாங்க, "நான் எதாச்சும் தப்பு பண்ணிட்டேனா, தண்ணி பட்டுடுச்சா"ன்னு என்ன கேப்பாங்க. யார் தப்புன்னு எங்களுக்கு தெரியாது, யாரையும் குத்தம் சொல்லவும் வரல. ஆனா இங்க லேட் ஆகுதுன்னும் செட் பத்தலன்னும் டாக்டர் கோவிச்சுப்பாருன்னும் எழுதறத படிக்கும்போது வயிறு என்னமோ பண்ணுது. 3 நிமிஷம்தானே. எங்களுக்கு 8 மாசம் போச்சு.

பச்சை_கவுன்:

@வெளிச்சம் இதுக்கு என்கிட்ட பதில் இல்லங்க. அம்மாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அவங்க எதுவும் தப்பு பண்ணல. எல்லாம் சரியா பண்ணாலும் சில பேருக்கு வரும், அது உண்மை, ஆனா அந்த உண்மைய நாங்க சாக்கா எடுத்துக்கக் கூடாது. இம்பிளான்ட் வெச்ச இடத்துல ரொம்ப கொஞ்சம் கிருமி போதும், உலோகத்து மேல படலம் மாதிரி கட்டிக்கிட்டு உக்காந்துடும், மருந்து உள்ள போகாது, அதனாலதான் மூட்டையே எடுக்க வேண்டி வந்துச்சு. இம்பிளான்ட் கேஸ 90 நாள் வரைக்கும் கண்காணிக்கணும்னு வெச்சதும் அதுக்குத்தான். ஏழாவது வாரம்னா அந்தக் கேஸ்ல நின்ன நர்ஸுக்கு இது தெரிஞ்சே இருக்காது. எங்க தியேட்டர்லயும் அப்படித்தான், பேஷன்ட் வெளிய போனா அவ்ளோதான், காயம் என்ன ஆச்சுன்னு எங்களுக்கு யாரும் வந்து சொல்றதில்ல. நாங்க விட்ட தப்பு எங்க கண்ணுல படறதே இல்ல. இது பெரிய ஓட்டைன்னு இப்பதான் தோணுது.

கேஸ்_மாஸ்க்:

நான் அனஸ்தீஷியா டாக்டர். காயம், கை, துணி மட்டும் பேசறீங்க, எங்க பக்கம் ரெண்டு விஷயத்த விட்டுட்டீங்க.

முதல்ல ஆன்டிபயாட்டிக் நேரம். கத்தி வெக்கறப்ப ரத்தத்துலயும் திசுவுலயும் மருந்து இருக்கணும். உலக சுகாதார நிறுவனம் 120 நிமிஷத்துக்குள்ளன்னு சொல்லுது, மருந்தோட ஆயுச பாத்துக்கோங்கன்னும் சொல்லுது, செஃபசோலின் மாதிரி இருந்தா 60 நிமிஷத்துக்குள்ள குடுக்கறதுதான் நடைமுறை. எங்க என்ன நடக்குது? வார்டுல காலை 7 மணிக்கு போட்டு அனுப்பிடறாங்க, கேஸ் டேபிளுக்கு வர 11 ஆகுது. சார்ட்ல "குடுத்தாச்சு"ன்னு டிக் இருக்கும், ரூல கடைபிடிச்சாச்சு, மருந்துதான் உடம்புல போதுமான அளவு இல்ல. டைம் அவுட்ல (கத்தி வெக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் நின்னு சரிபாக்கறது) சர்குலேட்டிங் நர்ஸ் "குடுத்தாச்சா"ன்னு கேக்காம "எத்தன மணிக்கு"ன்னு கேட்டா போதும், எல்லாம் வெளிய வந்துடும்.

ரெண்டாவது குளிர். 1996ல வந்த ஆய்வுல 200 பேர் குடல் ஆபரேஷன் கேஸ்ல பாத்தாங்க, உடம்பு சூட்ட சரியா வெச்சவங்கள்ல 6 சதவீதம் இன்ஃபெக்ஷன், குளிர விட்டவங்கள்ல 19 சதவீதம். குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், காயத்துக்கு ஆக்சிஜன் குறையும், வெள்ளணு சரியா வேலை செய்யாது. கவுன் போட்டவங்களுக்கு வேர்க்குதுன்னு ஏ.சி.ய எறக்கும்போது கீழ படுத்திருக்கறவங்க மேல ஒரு போர்வையாவது போடுங்க, வார்மர் இருந்தா தூங்க வெக்கறதுக்கு முன்னாடியே போட்டு விடுங்க.

டைம்_அவுட்:

டிக் பத்தி சார் சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. உலக சுகாதார நிறுவனத்தோட 19 பாயின்ட் ஆபரேஷன் செக்லிஸ்ட், 2009ல வந்த ஆய்வு, 8 நகரம், சாவு 1.5ல இருந்து 0.8 சதவீதம், சிக்கல் 11ல இருந்து 7. எல்லாரும் கொண்டாடினாங்க. கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல கட்டாயமாக்கினப்புறம் 101 ஆஸ்பத்திரிய பாத்த ஆய்வு 2014ல வந்துச்சு, அதுல சொல்ற மாதிரி பெரிய மாற்றம் இல்ல. தாள் அதேதான். கட்டாயம்னு வந்ததும் பூர்த்தி பண்ணிட்டோம்னு எல்லாரும் அறிக்கை குடுத்தாங்க, தியேட்டருக்குள்ள பேச்சு மாறுச்சான்னு யாருக்கும் தெரியாது. எங்க கிட்டயும் பேஷன்ட் மேசைக்கு வரதுக்கு முன்னாடியே சைன் அவுட் (ஆபரேஷன் முடிவுல பண்ற கடைசி சரிபாக்கறது) வரைக்கும் டிக் பண்ணி வெச்சிருக்கறத நான் பாத்திருக்கேன். அந்தத் தாள எடுத்து கடைபிடிப்பு 100 சதவீதம்னு மீட்டிங்ல காட்டறாங்க. இத பாத்தா எனக்கு கோவம் வரும்.

அப்புறம் கதவு. யாருமே கதவ பேசலையே? ஒரு நாள் ஒரு முட்டி கேஸ்ல கதவு எத்தன தடவ தொறக்குதுன்னு எண்ண ஆரம்பிச்சு பாதியிலயே விட்டுட்டேன், அவ்ளோ. தியேட்டர்ல காத்தழுத்தம் வெளிய விட கூட இருக்கணும், மணிக்கு 20 தடவ காத்து மாறணும்னு அவ்ளோ செலவு பண்ணி கட்டறோம், கதவு தொறந்தே கெடந்தா அந்த அழுத்தம் நிக்காது. ஏன் தொறக்குதுன்னு பாத்தேன். இம்பிளான்ட் சைஸ் உள்ள இல்ல, தையல் நூல் இல்ல, யாரோ போன் வந்துச்சுன்னு சொல்ல வராங்க, டியூட்டி மாத்த வராங்க, சும்மா கேஸ் எவ்ளோ தூரம் ஆச்சுன்னு பாக்க வராங்க. இதுல பாதி நர்ஸ் ஓடறதுதான், ஆனா அவங்க ஓடறது சாமான் வெளிய இருக்கறதால. முந்தின நாளே அந்த சர்ஜனுக்கு என்னென்ன வேணும்னு கார்டு பாத்து எல்லாத்தையும் உள்ள அடுக்கிட்டா ஓட்டமும் குறையும் கதவும் மூடியிருக்கும்.

நீலத்துணி:

கை தோல் பத்தி ஒண்ணு சொல்லிட்டு போறேன். எனக்கு கை வெடிச்சு ரத்தம் வரும், ஆல்கஹால் பட்டா உயிர் போகும், அதனாலயே சில நாள் ரப்ப தொட்டும் தொடாம விட்டிருக்கேன், அத ஒத்துக்கறேன். ஆபரேஷன்ல ரப்பர் கிளவ் வந்த கதையே இதுதான் தெரியுமா? 1889 வாக்குல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஹால்ஸ்டட்னு சர்ஜன், அவரோட ஸ்க்ரப் நர்ஸ் கேரோலின் ஹாம்ப்டனுக்கு அந்தக் காலத்து பாதரச மருந்துல கை நனைச்சு நனைச்சு தோல் வெந்து போச்சு. அவங்க கைய காப்பாத்தத்தான் குட்இயர் கம்பெனிகிட்ட சொல்லி மெல்லிசான கிளவ் செய்ய வெச்சார். பேஷன்ட்டுக்கு நல்லதுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. ஒரு நர்ஸ் கை வலிச்சதுல இருந்து ஆரம்பிச்சது இது. இன்னிக்கு என் கை வெடிச்சிருக்குன்னு சொன்னா "வாசலின் போட்டுக்கோ"ன்னு அனுப்பறாங்க.

எனக்கு உதவினது என்னன்னா, பிரஷ் போட்டு தேய்க்கறத நிறுத்தினேன், அது தேவையே இல்லையாம், தோல கிழிச்சு விடறதுதான் மிச்சம். கை கண்ணுக்கு சுத்தமா இருந்தா நாளோட முதல் கேஸுக்கு மட்டும் சோப்பு, நல்லா தொடச்சு காய வெச்சுட்டு ரப், அடுத்தடுத்த கேஸுக்கு ரப் மட்டும். ஈரக் கையில ரப் போட்டா மருந்தும் நீர்த்துப் போகுது எரிச்சலும் கூட. ரப் காயறதுக்கு முன்னாடி கிளவ் போட்டாலும் அரிக்கும். வீட்டுக்கு போனதும் க்ரீம். ரெண்டு மாசத்துல ஆறிடுச்சு.

இரவு_டியூட்டி:

நம்ம உடம்ப பத்தி பேசறதால இதையும் சொல்லிடறேன். போன வருஷம் ஊசி குத்துச்சு, சொல்லல. ஃபார்ம் 4 பக்கம், "நீ ஏன் கவனமா இல்ல"ன்னு விசாரணை வேற. ஹெப்பட்டைட்டிஸ் பி ஊசி போட்டிருக்கேன்னு ஒரு தைரியம். அப்புறம் ரெண்டு மாசம் தூக்கம் இல்ல.

கைகழுவு:

@இரவு_டியூட்டி தம்பி இனிமே அப்படி பண்ணாத. உடனே சோப்பு தண்ணியில கழுவு, பிதுக்காத, சொல்லு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும், முதல் சில மணி நேரத்துலயே ஆரம்பிச்சா இன்னும் நல்லது. எச்.ஐ.வி. ஒட்டற வாய்ப்பு குத்துக்கு 0.3 சதவீதம் அளவுதான், ஆனா ஹெப்பட்டைட்டிஸ் பி, தடுப்பூசி போடாதவங்களுக்கு 30 சதவீதம் வரைக்கும் போகலாம். ஊசி போட்டேன்னு விட்டுடாத, 3 டோஸ் முடிஞ்சப்புறம் ஆன்டிபாடி 10க்கு மேல இருக்கான்னு பாத்தியா? பாக்கலன்னா இந்த வாரமே ரத்தம் குடு. அப்புறம் ரெண்டு கிளவ் போடு. கத்திய கையில இருந்து கைக்கு குடுக்காத, நடுவுல ஒரு டிரே வெச்சு அதுல வெச்சு எடுக்கச் சொல்லு.

தையல்:

ஒரு வாரமா இந்த இழைய படிச்சுட்டு இருக்கேன். @பச்சை_கவுன் "நிச்சயமா பாத்தியா"ங்கற அந்த வார்த்த என்ன ரொம்ப உறுத்துச்சு, ஏன்னா நானும் அத கேட்டிருக்கேன், அதே வார்த்தைய.

ஐ.சி.யூ.ல நடந்த ஒண்ண சொல்றேன். அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்ல விடற கதீட்டர் குழாய்) போடறதுக்கு 5 விஷயம் கொண்ட சின்ன செக்லிஸ்ட் வெச்சாங்க, 103 ஐ.சி.யூ. கணக்கு 2006ல வெளிய வந்துச்சு, 1000 கதீட்டர் நாளுக்கு (குழாய் உள்ள இருந்த நாள் கணக்கு) நடுமதிப்பு 2.7 இருந்த ரத்த இன்ஃபெக்ஷன் 3 மாசத்துல பூஜ்யம். எல்லாரும் அந்தத் தாள பத்தி பேசறாங்க. என்ன பொறுத்தவரைக்கும் உயிர் இருக்கறது வேற இடத்துல. டாக்டர் ஒரு படிய விட்டா நர்ஸ் நிறுத்தலாம்னு அதிகாரம் குடுத்தாங்க, நிறுத்தினா நிர்வாகம் நர்ஸ் பக்கம் நிக்கும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. அது இல்லாம நீங்க பேசுங்கன்னு நான் மேல எழுதினது நியாயம் இல்ல, அத திரும்ப வாங்கிக்கறேன்.

திங்கக்கிழமையில இருந்து என் டைம் அவுட்ல நானே வாய விட்டு சொல்றேன், "யார் எத பாத்தாலும் 'மாத்துங்க'ன்னு ஒரு வார்த்த போதும், நான் கேள்வி கேக்காம மாத்திடுவேன்". நேத்து ஒரு புது ஸ்க்ரப் நர்ஸ் சொன்னாங்க. என் கை எதுலயும் படலன்னு எனக்கு நிச்சயமா தெரியும். இருந்தும் மாத்தினேன். ஒரு ஜோடி கிளவ், அரை நிமிஷம் கூட ஆகல.

பச்சை_கவுன்:

மூணு வாரம் கழிச்சு வரேன். டாக்டர், நீங்க எழுதினத எங்க இன்சார்ஜ் சிஸ்டருக்கு படிச்சு காட்டினேன்.

நாங்க ஆரம்பிச்சது ஒண்ணே ஒண்ணுதான். பெயிண்ட் முடிஞ்சதும் சர்குலேட்டிங் நர்ஸ் டைமர தட்டறாங்க, டிரேப் டிராலி டேபிள்ல இருந்து ரெண்டு அடி தள்ளி நிக்கும், மணி அடிச்சதும் "காஞ்சாச்சு"ன்னு சத்தமா சொன்னாதான் டிராலி கிட்ட வரும். தனியா ஒரு ஆள் தைரியமா பேசணுங்கற தேவையே இல்ல இப்போ, மணிதான் பேசுது. முதல் ரெண்டு நாள் பெருமூச்சு, கடிகாரத்த பாக்கறது எல்லாம் இருந்துச்சு. அந்த 3 நிமிஷத்துலயே டைம் அவுட்ட சேத்துட்டோம், அனஸ்தீஷியா சாரோட "எத்தன மணிக்கு" கேள்வியும் அதுல வந்துடுது, அதனால லிஸ்ட் லேட் ஆகல. கதவு இன்னும் சரியாகல, அதுல தோத்துட்டுதான் இருக்கோம். "மாத்துங்க" எங்க தியேட்டர்ல ஒரே ஒரு சர்ஜன் ஒத்துக்கிட்டார், மத்தவங்ககிட்ட இன்சார்ஜ் சிஸ்டர் பேசறாங்க.

காயம் எப்படி ஆச்சுன்னு தகவல் வேணும்னு கேட்டோம். இனிமே இன்ஃபெக்ஷன் ஆன கேஸ் எதுன்னு மாசம் ஒரு தடவ தியேட்டருக்கு வந்து சொல்றேன்னு எங்க ஐ.சி.என். (இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ்) ஒத்துக்கிட்டாங்க. @வெளிச்சம் அம்மா இப்போ எப்படி நடக்கறாங்க?

@ஸ்டெரைல்_ரூம் அண்ணா, ரெண்டாவது செட் கேட்டு எழுதலாம்னு இருக்கோம். வெறும் "வேணும்"னு எழுதினா போன தடவ மாதிரி திரும்பி வந்துடும். என்ன சேத்து எழுதணும்?

வெளிச்சம்:

குச்சி இல்லாம வாசல் வரைக்கும் போறாங்க. நீங்க சொன்னத சொன்னேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தாங்க.

ஸ்டெரைல்_ரூம்:

@பச்சை_கவுன் உங்க சி.எஸ்.எஸ்.டி. லோடு ரெஜிஸ்டர்ல ஃபிளாஷ் போட்டது எல்லாம் தனியா எழுதியிருப்பாங்க, 3 மாசத்துக்கு எடுங்க. எந்த செட், எந்த தேதி, ஏன் போட்டாங்கன்னு. அந்தந்த நாள் ஓ.டி. லிஸ்ட்ட பக்கத்துல வெச்சு ஒரே செட்டுக்கு ரெண்டு கேஸ் இருந்த நாள வட்டம் போடுங்க. அதுல இம்பிளான்ட் கேஸ் இருந்தா முதல் பக்கத்துலயே வெச்சிடுங்க. கையெழுத்து நீங்க மட்டும் போடாதீங்க, சி.எஸ்.எஸ்.டி. இன்சார்ஜ், ஐ.சி.என்., அந்த சர்ஜன்னு மூணு பேர்கிட்டயும் வாங்குங்க. செட் வர வரைக்கும் அந்த ரெண்டு கேஸையும் ஒரே நாள்ல போடாம பிரிச்சு போடச் சொல்லி அதே லெட்டர்ல கேளுங்க, அதுக்கு காசு வேணாம், நாளைக்கே ஆரம்பிக்கலாம்.